பாராசூட் கவுன்

நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் இரட்டிப்பாகும். தீபாவளிச் சேலையும் முகூர்த்தச் சேலையும் ஒரே சமயத்தில் கடைக்குப் போயாக வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் நடந்தால் பக்கத்தில் வருகிறவர் பேசுவது காதில் விழாது. அப்படி ஊருக்கெல்லாம் பட்டு நெய்த வீடுகளில் பிள்ளைகளுக்கு விலை மலிவான சீட்டித் துணிதான் எடுத்தார்கள். நமக்கு அது குறையாகவும் தெரிந்ததில்லை. பட்டு விற்கிற பொருள். அதை யாராவது வீட்டுப் பிள்ளைக்கு உடுத்துவார்களா?

நான் சின்ன வயதில் பளபளக்கிற துணி உடுத்தியது ஒரே ஒரு தீபாவளிக்கு. எழுபத்தொன்றில் கிழக்கே நடந்த சண்டை முடிந்த அடுத்த வருஷம் அது.

அப்போது நானும் என் தங்கையும் ஓரிக்கைக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு பெண் பிள்ளைகள் விடுதியில் இருந்தோம். எனக்குப் பத்து வயது இருக்கும். தங்கை ஒன்றாம் வகுப்பு. ஓட்டுக் கூரை, சிமெண்டு பெயர்ந்த தரை, பின்பக்கம் ஒரு கிணறு. அதை நடத்தியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பெரிய டீச்சர் என்போம். கண்டிப்பானவர். ஆனால் யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தான் தரையில் படுப்பார்.

எங்களை அநாதைகள் என்று சொல்ல முடியாது. அப்பா தறியை விட்டுப் பட்டாளத்துக்குப் போனவர். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தே ஆயுசு போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். போன இடத்தில் விமானத்திலிருந்து குதிக்கிற படையில் சேர்ந்துவிட்டார். பெரியப்பா அதைக் கேட்டு, "நூலு அறுந்தா முடி போடத் தெரியும் அவனுக்கு. மேல போயி கயிறு அறுந்தா இன்னா பண்ணுவான்?" என்று சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. கயிறு அறுந்து அப்பா சாகவில்லை. சண்டையில் பத்திரமாக இறங்கி, மறுநாள் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் குண்டு பட்டுச் செத்தார். அந்த ஆற்றின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு இருமல் வந்தது. முந்தானையில் ரத்தம் பார்த்த பிறகு தாம்பரத்துப் பக்கம் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரியப்பா வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தன. அந்த நோய் எங்கள் மூச்சிலும் இருக்கும் என்று பெரியம்மா பயந்தாள். அந்தப் பயத்தை இப்போது நான் குறை சொல்லமாட்டேன். அந்த நோய்க்கு ஊரே பயந்த காலம் அது. எங்களை விடுதியில் விட்டுவிட்டுப் போகும்போது பெரியப்பா வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

விடுதியில் மற்ற நாட்கள் பரவாயில்லை. பண்டிகை லீவுதான் கொடுமை. மாமனோ சித்தியோ வந்து ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துப் போவார்கள். பாய்கள் சுருட்டப்பட்டு மூலையில் நிற்கும். அழைத்துப் போக ஆளில்லாதவர்கள் மட்டும் அந்த நீளமான அறையில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுப்போம். பேசினால் எதிரொலிக்கும்.

அந்த ஐப்பசியில் லீவு விட்ட அன்று பட்டாளத்து மாமாக்கள் வந்தார்கள்.

மூன்று பேர். தலைவராக வந்தவர் ஹவில்தார். திருப்புட்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பாவோடு ஒரே படையில், ஒரே கூடாரத்தில் இருந்தவர். இன்னொருவர் சர்தார். தலைப்பாகையைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்தன. மூன்றாமவர் மலையாளி, அவர்கள் இரவல் வாங்கி வந்த ஜீப்பை ஓட்டியவர். அப்பாவின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகத்தான் கிளம்பினார்களாம். எங்கே இருக்கிறோம் என்று பெரியப்பாவிடம் விசாரித்து வந்தவர்கள், எங்களோடு மிச்சமிருந்த பிள்ளைகளையும் பார்த்தார்கள். ஹவில்தார் மாமா பெரிய டீச்சரிடம் போய், இந்த லீவு முழுக்கத் தாங்கள் இங்கேயே இருந்து ஏதாவது செய்கிறோம் என்று கேட்டார். வீட்டுக்குப் போகக் கிடைத்த லீவு அது. சர்தாருக்குச் சொந்த ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பக்கத்துச் சத்திரத்தில் இடம் வாங்கித் தங்கிக்கொண்டார்கள். காலையில் கோழி கூவ வந்துவிடுவார்கள்.

அந்த நாட்களில் அந்தக் கட்டிடமே மாறிப் போனது. ஓடு மாற்றினார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள். கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டார்கள். சர்தார் மாமா அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் சப்பாத்தி சுட்டார். அதற்கு முன் நாங்கள் சப்பாத்தி தின்றதில்லை. அவருக்கு இரண்டே தமிழ்ச் சொற்கள் தெரியும். "இன்னும் வேணும்?" என்பார். நாங்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டும் அவர் கேட்பதற்காகவே தட்டை நீட்டுவோம். புதுச் சுண்ணாம்பின் வாசனையும் கோதுமை கருகுகிற வாசனையும் கலந்தால், இப்போதும் எனக்கு அந்த வராந்தாதான்.

ஜீப்பின் பின்னால் ஒரு கான்வாஸ் மூட்டை இருந்தது. ஒரு மதியம் ஹவில்தார் மாமா அதை மைதானத்துக்குத் தூக்கி வந்து அவிழ்த்தார். வெள்ளைத் துணி வந்துகொண்டே இருந்தது. உபயோகம் முடிந்து கழித்துப் போட்ட பாராசூட். முறையாகக் கேட்டு வாங்கி வந்ததாகச் சொன்னார். பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்த வாசனை அடித்தது. மூன்று பேரும் ஓரங்களைப் பிடித்துக் காற்றில் உயர்த்தி வீசினார்கள். அது கூடாரம்போல் எழும்பியது. எங்களை அதன் அடியில் ஓடச் சொன்னார்கள். உள்ளே வெயில் பாலாக இருந்தது. துணி மெல்ல இறங்கி எங்கள் தலைமேல் படிந்தது. நாங்கள் கத்தின கத்தலில் சாலையில் போன மாட்டு வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெரிய டீச்சர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது, குதிக்கிறபோது அப்பாவுக்குப் பயமாக இருந்ததா என்று நான் ஹவில்தார் மாமாவிடம் கேட்டேன். வெகுநாளாகக் கேட்க நினைத்திருந்த கேள்வி.

அவர் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தார். பிறகு, "பயந்தான்மா. அந்தக் கதவாண்ட நிக்கும்போது பயப்படாதவன் எவனும் கெடையாது. உங்கப்பன் எனக்கு முன்னால நிப்பான். திரும்பி என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பான். அப்புறம் குதிச்சிடுவான்," என்றார்.

தங்கை துணியின் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பாவின் முகமே சரியாக நினைவில்லை. "இதுலதான் எங்கப்பா எறங்கினாரா?" என்று கேட்டாள்.

ஹவில்தார் மாமா அவள் முகத்தைப் பார்த்தார். "ஆமாம்மா," என்றார். "உங்கப்பாவுதுதான்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்தத் துணி தங்கையின் சொத்தாகிவிட்டது. மற்ற பிள்ளைகள் தொடுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டார்கள்.

இதில் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குக் கவுன் தைக்கலாம் என்பது யார் யோசனை என்று எனக்குத் தெரியாது. எல்லோருமாகச் சேர்ந்து மகிழ்ச்சியில் எடுத்த முடிவு. வெள்ளையாகப் பண்டிகைக்கு உடுத்தக் கூடாது என்று பெரிய டீச்சர் சொன்னதால் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பட்டுக்குச் சாயம் போடுகிறவர், பட்டாளத்துக் காரியம் என்று தெரிந்ததும் கூலி வேண்டாம் என்றார். கனகாம்பர நிறத்தில் முக்கி எடுத்தார். "பட்டு மாரியே சாயம் குடிக்குதுபா," என்று ஆச்சரியப்பட்டாராம். பெரியப்பா வந்து ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடிப் பார்த்தார். சீமைப் பட்டு என்றார். தெருவில் இன்னும் பலர் வந்து நெருடிப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள்.

நம் ஊரில் ஒரு நூலில் சந்தேகம் வந்தால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விளக்கில் காட்டுவார்கள். பட்டென்றால் தலைமுடி பொசுங்கிய வாசனை வரும், சாம்பலாக உதிரும். வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். அன்று ஒருவர்கூட அந்தத் துணியில் ஒரு இழையை உருவி விளக்கில் காட்டவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? நாட்டுக்காகச் சண்டை போட்டவர்கள், லீவை விட்டுவிட்டு வந்து, தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கிற துணி. அதைச் சோதிக்க யாருக்கும் மனம் வராது. எனக்கே இப்போது அப்படிப்பட்ட துணியை யாராவது கொடுத்தால் நான் சோதிப்பேனா என்று தெரியவில்லை.

தையல்கார பாய் இரண்டு நாள் ராப்பகலாகத் தைத்தார். கீழே சுற்றிலும் கொசுவம் வைத்து, சுற்றினால் குடைபோல் விரிகிற கவுன்கள். உள்ளே பழைய வேட்டியில் பருத்தி உள்பாவாடை. மிச்சமான பாராசூட் கயிறுகளை வெட்டி எங்களுக்குத் தாண்டு கயிறாகக் கொடுத்தார்.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால் ஹவில்தார் மாமா எங்களை ஜீப்பில் அம்மாவிடம் அழைத்துப் போனார். அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுக்குள் போகக் கூடாது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா வந்து நிற்பாள், இந்தப் பக்கம் ஒரு வேப்ப மரத்தடியில் நாங்கள் நிற்போம். சத்தமாகப் பேச வேண்டும். தங்கை அப்பாவின் பாராசூட்டில் கவுன் தைக்கிறார்கள் என்று கத்தினாள். அம்மா ஹவில்தார் மாமாவைப் பார்த்துக் கும்பிட்டாள். "தீபாவளி முடிஞ்சி ரெண்டு பேரும் அதே கவுன்ல வந்து நில்லுங்க. தூரத்துலேர்ந்து பாத்துக்கிறேன்," என்றாள். அவள் குரல் தேய்ந்து போயிருந்தது. ஆனால் அன்று சிரித்தாள்.

தீபாவளி அன்று விடிவதற்கு முன்னால் பெரிய டீச்சர் எங்கள் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்தார். வெந்நீர் அண்டாவிலிருந்து புகை எழும்பியது. சர்தார் மாமாவும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளக் குனிந்தார். அவர் கூந்தலைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தன. குளித்துவிட்டுக் கவுன் போட்டுக்கொண்டோம். கனகாம்பரப் பூக்களை வரிசையாக நிறுத்தியதுபோல் இருந்தோம். நடந்தால் சரசரவென்று சத்தம் வந்தது.

பட்டாசு கொளுத்தப் போகும்போது, எல்லோரும் புதுசைக் கழற்றிவிட்டுப் பழைய துணி மாற்றிக்கொள்ளுங்கள், பொறி பட்டால் ஓட்டை விழும் என்று பெரிய டீச்சர் சொன்னார். ஓட்டை விழுமே என்றுதான் அவருக்குக் கவலை. அதற்குமேல் அவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் மாற்றிக்கொண்டோம். தங்கை மாட்டேன் என்றாள். தூணைக் கட்டிக்கொண்டு, அப்பாவுதை அவிழ்க்கமாட்டேன் என்று அழுதாள். விக்கல் வரும்வரை அழுதாள். அப்போது ஹவில்தார் மாமா, "விடுங்க டீச்சர். இந்த ஒரு நாளு. நான் கூடவே நின்னு பாத்துக்கிறேன்," என்றார். பெரிய டீச்சர் சரி என்று தலையை ஆட்டினார்.

அவர் கூடவேதான் நின்றார். அதை நான் சாட்சியாகச் சொல்வேன். கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்.

கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க வெடிச் சத்தம். எங்கள் கையில் ஆளுக்கொரு கம்பி மத்தாப்பு. தங்கைக்குக் கவுன் விரிவதைப் பார்க்க வேண்டும். கைகளை நீட்டிக்கொண்டு சுற்றினாள். கவுன் குடையாக விரிந்தது. விரிந்த ஓரம் பக்கத்துப் பிள்ளையின் மத்தாப்பில் பட்டது. அந்தப் பிள்ளை எங்கும் நகரவில்லை, ஒன்றும் செய்யவில்லை. முதலில் ஒரு கருப்புக் கோடு ஓரத்தில் ஓடியது. தங்கை அதைக் குனிந்து பார்த்தாள். உள்ளே இருந்த பருத்திப் பாவாடை பற்றிக்கொண்டது. மேல் துணி எரிந்து உதிரவில்லை. உருகியது. உருகி அவள்மேல் ஒட்டியது.

ஹவில்தார் மாமா ஒரே எட்டில் அவளைத் தூக்கித் தரையில் போட்டு வெறுங்கையால் அமுக்கினார். அமுக்க அமுக்க அந்தத் துணி அவர் உள்ளங்கையிலும் ஒட்டியது. அவர் கையை எடுக்கவே இல்லை. சர்தார் மாமா கிணற்றடியில் கிடந்த ஈரச் சாக்கை இழுத்து வந்து இரண்டு பேர்மேலும் போட்டார். மலையாளி மாமா ஜீப்பைக் கிளப்பிவிட்டார். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். ஜீப் போன பிறகும் சில பிள்ளைகள் கையில் மத்தாப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை வாழை இலைமேல் படுக்க வைத்திருந்தார்கள். மேலே கொசுவலை. வலைக்குள் மருந்து வாசனையும் இன்னொரு வாசனையும் இருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. முகத்தில் ஒன்றும் படவில்லை. அதனால் பிழைத்துக்கொள்வாள் என்று நான் நம்பினேன். இலை காய்ந்துபோனால் நர்ஸ் அம்மா மாற்றுவார். புது இலையின் குளுமை பட்டதும் தங்கை கண்ணைத் திறப்பாள். ஒரு தடவை என்னைப் பார்த்து, "கவுன் கிழிஞ்சிடுச்சாக்கா?" என்றாள். இல்லை, மடித்து வைத்திருக்கிறோம் என்று பெரிய டீச்சர் எனக்கு முந்திச் சொன்னார். கார்த்திகை பிறப்பதற்குள் தங்கை போய்விட்டாள்.

சின்னப் பிள்ளைகளை எரிக்கிற வழக்கமில்லை. பாலாற்றங்கரையில் புதைத்தார்கள். அவளை மறுபடி நெருப்பில் வைக்கமாட்டார்கள் என்பது ஒன்றுதான் அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. மணல் ஈரமாக இருந்தது. பெரியப்பா குழிக்குள் இறங்கி அவளை வாங்கிக் கிடத்தினார். அவளை விடுதியில் விட்ட கைகள் அவை. ஏறி வருவதற்கு அவருக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஹவில்தார் மாமா இரண்டு கைகளிலும் முழங்கைவரை கட்டுப் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்றார்கள். விதி என்றார்கள். பெரியப்பா அவர் தோளைத் தொட்டு, உங்கள்மேல் ஒன்றும் இல்லை என்றார். ஒவ்வொருவர் அப்படிச் சொல்லும்போதும் அவர் முகம் இன்னும் இறுகியது. யாராவது ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அவருக்கு எவ்வளவோ மேலாக இருந்திருக்கும். நான்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவர் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். அவர் கொண்டுவந்த துணி. அவர் விடச் சொன்னார். பத்து வயதில் எனக்குக் கணக்கு அவ்வளவுதான்.

அந்தத் துணி பட்டே இல்லை, நைலான் என்று எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. மற்ற கவுன்களைப் பெரிய டீச்சர் வாங்கிக்கொண்டார். என்ன செய்தாரோ, பிறகு யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. தாண்டு கயிறுகளை மட்டும் வாங்க மறந்துவிட்டார். பிள்ளைகள் அந்தக் கயிற்றில் பல நாட்கள் தாண்டிக்கொண்டிருந்தன.

அடுத்த பேச்சு அம்மாவைப் பற்றியது. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று பெரியப்பா முடிவு செய்தார். கேட்டால் அங்கேயே உயிர் போய்விடும், இன்னொரு சாவைத் தாங்க என்னால் முடியாது என்றார். பெரிய டீச்சரும் அதற்கு ஒத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது, உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்றார்களாம். தங்கைக்கு அம்மை போட்டிருக்கிறது, அதனால் அழைத்து வரவில்லை என்று சொல்வதாக ஏற்பாடு. நான் என்ன சொல்ல வேண்டும், எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தாங்கும் என்று அவர்களாகவே அளந்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். ஹவில்தார் மாமாவும் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் போய்ச் சேர அவருக்கு உத்தரவாகியிருந்தது. போகிற வழியில் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். பெரியப்பாவுக்கு விருப்பமில்லை. ஆனால் கையில் கட்டோடு நிற்கிற மனிதரை வராதே என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன சொல்லப் போகிறோம் என்பதை அவருக்கும் பஸ்ஸில் சொல்லிவைத்தார். அவர் தலையாட்டினாரா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. வாலாஜாபாத் தாண்டும்வரை நான் சன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு போனேன்.

அம்மா ஏற்கெனவே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலை வாரிப் பொட்டில்லாத நெற்றியில் திருநீறு இட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நான் சீட்டிப் பாவாடையில் இருந்தேன்.

பெரியப்பா அம்மை என்றார். அம்மா அதை நம்பினாள். உடனே விவரம் கேட்க ஆரம்பித்தாள். வேப்பிலை கட்டினீர்களா, யார் கூடப் படுக்கிறார்கள், சொறிந்துகொள்ளாமல் பார்க்கச் சொல்லுங்கள், அவளுக்கு இளநீர் பிடிக்காது, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுங்கள். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றார். ஒவ்வொரு சரிக்கும் அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. எனக்குச் சொல்லிக்கொடுத்த எதுவும் என் வாயிலிருந்து வரவில்லை.

அப்புறம்தான் அம்மா மரத்தடியில் நின்றவரைக் கவனித்தாள். "கையில இன்னா தம்பி கட்டு?" என்றாள்.

ஹவில்தார் மாமா மரத்தடியிலிருந்து முன்னால் வந்தார். பெரியப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் நிற்கவில்லை. கம்பித் தடுப்பு வரைக்கும் போனார்.

"அம்மை இல்லம்மா," என்றார். "சின்னப் பாப்பா போயிடுச்சி. தீபாவளியன்னிக்கு அந்தக் கவுன்ல நெருப்பு புடிச்சிக்கிச்சி. நான் பக்கத்துலதான் நின்னேன். காப்பாத்த முடியல."

அம்மா அவர் கைக்கட்டுகளையே பார்த்தாள்.

"அது உங்க வீட்டுக்காரரோடது இல்லம்மா. அவன் எறங்கினது அங்கியே வயல்ல கெடந்து போச்சி. பாப்பா ஆசையா கேட்டுச்சேன்னு நான்தான் ஆமான்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்யாலதான் அது கவுனை அவுக்கமாட்டேன்னுச்சி. இப்ப இவங்க ஒண்ணு சொல்லச் சொல்றாங்க. என்னால ஆகாதும்மா."

பெரியப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா உட்காரவில்லை. இருமல் வந்தது, நெடுநேரம் இருமினாள். ஒரு நர்ஸ் ஓடி வந்து எங்களைப் போகச் சொல்லிக் கத்தினாள். அம்மா அவளைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினாள். நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அம்மா ஹவில்தார் மாமாவிடம் சில கேள்விகள் கேட்டாள். எத்தனை நாள் இருந்தாள், வலித்ததா, யார் பக்கத்தில் இருந்தார்கள், எங்கே வைத்தீர்கள். அவர் எதையும் மாற்றாமல் சொன்னார். வலித்ததா என்பதற்கும் உள்ளதைச் சொன்னார். அப்போதுதான் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அம்மா செத்துப்போகவில்லை. எல்லோரும் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. மறு வருஷம் குணமாகி வெளியே வந்தாள், நூல் சுற்றி என்னைப் படிக்க வைத்தாள், என் பிள்ளைகளைப் பார்த்தாள். ஆனால் அம்மை என்று சொன்னவர்கள் வீட்டு வாசலை அதற்குப் பிறகு அவள் மிதிக்கவில்லை. பெரியப்பா செத்தபோதும் தெருவில் நின்றுவிட்டுத் திரும்பினாள். ஹவில்தார் மாமாவின் விரல்கள் மடங்கவே இல்லை என்று கேள்விப்பட்டோம். பட்டாளத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். தாமல் பக்கம் எங்கோ நிலம் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒருவர் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், அன்று அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது.

அன்று மதியம் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு மணி அடித்தது. உள்ளே தட்டுகள் உருளும் சத்தம். பெரியம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலங்கள் மரத்தடியில் பிரிக்கப்படாமல் கிடந்தன. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைச் சாப்பிடச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது, வெறும் வயிற்றோடு போகாதீர்கள் என்றாள். பெரியப்பா எழவில்லை. நான் என் பொட்டலத்தைப் பிரித்தேன். ஹவில்தார் மாமா தன் பொட்டலத்துக்கு முன்னால் கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு ஊட்டுறாங்க உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

சர்தார் ஊட்டினார் என்றும், லீவு முடிந்து அவர் போய்விட்டார் என்றும் அவர் சொன்னார். பசியில்லை என்றும் சொன்னார்.

அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "மாமாவுக்கு ஊட்டி விடு."

நான் அசையவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். என் கையில் சோறு இருந்தது.

"நான் ஊட்டக் கூடாது," என்றாள் அம்மா. "எனக்கு நோவு. நீதான் ஊட்டணும்."

எழுந்து போனேன். அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் கவளத்தை உருட்டி நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டிருந்தார். நான் கையை எடுக்கவில்லை. பிறகு திறந்தார். வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் இருந்தார். தண்ணீர் கொடு என்று அம்மா சொன்னாள். கொடுத்தேன். அடுத்த கவளத்தை உருட்டினேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே அவள் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. இலையில் கடைசிப் பருக்கை தீரும்வரை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் திரும்பி வார்டுக்குள் போனாள்.